தனித்தீவும் பிறர் சோறும்

தனித்தீவில் ஒதுங்கியோர் கதைகளை நம் இளைஞர் ஆவலோடு வாசிக்கின்றனர். வாசிக்கட்டும். ஆயினும், வெள்ளையர் உலகை ஆண்ட காலத்தெழுந்த அக்கதைகளில் பொதிந்துள்ள பொய்யொன்றை நாம் ஆராய்தல் வேண்டும். 1719இல் டீபோ படைத்த குரூசோ தன் கைவன்மையாலேயே பிழைத்தானாம். 1908இல் ஸ்டாக்பூல் எழுதிய ‘புளூ லகூன்’ நாவலிலோ பிழைப்புத் தொழிலெல்லாம் பெரும்பாலும் ஆணுக்கு. பெண் அவன் நிழலில் வாழ்பவள். தீவினர் என்போர் அடிமைகள், அன்றேல் அஞ்சத்தக்க காட்டுமிராண்டிகள்!

உண்மையில் நடந்ததைக் கேண்மின். சிங்கப்பூர் வீழுமுன், 1942 பிப்ரவரி 12இல், ஆஸ்திரேலியத் தாதியர் 65 பேர் ‘வைனர் புரூக்’ கப்பலில் ஏறினர். 14ஆம் நாள் பாங்கா தீவருகே ஜப்பானியர் குண்டுவீச்சில் அது மூழ்கிற்று. கரையேறியோருள் 22 தாதியரை, 16ஆம் நாள், ஜப்பானியச் சிப்பாய்கள் கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னின்று சுட்டனர். விவியன் புல்விங்கிள் ஒருவரே பிழைத்தார். இடுப்பருகே குண்டு துளைத்த உடலோடு, காயமுற்ற பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரையும் பேணிக்கொண்டு, சுமார் பன்னிரண்டு நாள் காட்டில் உயிர் காத்தார். ஆணின் நிழலா அவரைக் காத்தது?

ஆனால் அவர் உண்டது எதனை? தீவின் கிராமத்து ஆடவர் உதவ மறுத்தனர். அவ்வச்சத்தை நாம் பழியோம். அதே மாதம் 28இல் நம் பொங்கோல் கடற்கரையில் சீனர் முந்நூறு நானூறு பேர் சுடப்பட்டனரல்லவா? ஆடவர் மறுத்தபின், அவ்வூர்ப் பெண்களே மறைவாக உணவு கொணர்ந்தனர். கைவன்மையைப் பாடும் கதையில் இவர்களுக்கு இடமேது? புல்விங்கிள் பெயர் சரித்திரத்தில் நின்றது, நிற்கவேண்டியதே. சோறிட்டவர்களோ ‘கிராமத்துப் பெண்கள்’ என்ற பொதுப்பெயரோடு நின்றுவிட்டனர்.

நம் மணிமேகலைக் காப்பியத்திலும் ஒரு தனித்தீவுண்டு. (அதன் தெய்வச் செய்திகளை நம்புவார் நம்புக.) மணிபல்லவத்தில் கப்பல் விட்டுச்சென்ற ஆபுத்திரன் கையில் வற்றாத அமுதசுரபி இருந்தது. தான் உண்ண ஏராளம். ஊட்டுதற்கு ஒருயிரும் இல்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான். குரூசோவுக்கு இது விளங்கியிராது!

புல்விங்கிள் சரணடைந்தபோது, உடையிலிருந்த குண்டுத் துளையைத் தண்ணீர்ப் போத்தலால் மறைத்துக்கொண்டார். கடற்கரையில் நடந்தது வெளிப்பட்டால், சாட்சியென்று அவரைக் கொன்றுவிடுவர். சிறைமுகாமில் உடனிருந்த தாதியர் அதனை அறிந்திருந்தும், மூன்றரை ஆண்டுகள் ஒருவரும் வாய்திறக்கவில்லை. கப்பலேறிய 65 பேரில் ஊர் திரும்பியோர் 24 பேர். அவருள் ஒருவராய்த் திரும்பிய புல்விங்கிள், 1946இல் டோக்கியோ விசாரணை மன்றத்தில் நின்று, மாண்ட 21 பேருக்காகவும் சாட்சி சொன்னார்.