சுக்கானும் இயல்பும்

படைத்தவன் தன் படைப்பில் மீண்டும் மீண்டும் தலையிடுவது அப்படைப்பின் குறையைக் காட்டுமா என்னும் வினா, 1715, 1716ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்சும் நியூட்டனின் சார்பில் வாதிட்ட ஆங்கில இறையியலாளர் சாமுவேல் கிளார்க்கும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் கூர்மையாக எழுந்தது. அடிக்கடி சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவன் தேர்ந்த வினைஞன் ஆகான் என்றார் லைப்னிட்ஸ். இறைவனின் இடையறாத ஆளுகையை விலக்கினால், உலகம் அவனின்றியே இயங்கும் பொறியாகிவிடும் என்றார் கிளார்க். இவ்வாதத்தைக் கற்போர், பொருளின் இயல்பு மிகுந்தால் படைத்தவனின் ஆணை குறையும், ஆணை மிகுந்தால் இயல்பு குறையும் என எளிதில் கருதிவிடுகின்றனர்.

அக்கருத்தைச் சோதிக்க, ரேடியோவால் இயக்கப்படும் பால்சா மர மாதிரி விமானம் ஏற்ற சான்றாகும். ஈக்வடாரில் மிகுதியாக விளையும் பால்சா, கன மீட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோ, அதாவது நீரின் எடையில் ஆறில் ஒரு பங்கே கொண்டது. அதன் மெல்லிய சட்டங்களால் கட்டப்பட்டுத் தாளோ மென்படலமோ போர்த்தப்பட்ட விமானம், பரப்புக்கேற்ற எடை குறைவாதலால் மெதுவாகவே பறக்க வல்லது. சரிந்தால் தானே நிமிரும் பொருட்டு, இறக்கை நுனிகள் நடுப்பகுதியைவிட உயர்த்தி அமைக்கப்படுகின்றன; இவ்வமைப்பு டைஹீட்ரல் எனப்படும். 1871இல் பாரிசில் அல்போன்ஸ் பெனோ பறக்கவிட்ட ரப்பர் முறுக்கு விமானம், எவர் ஆணையுமின்றி இத்தகைய அமைப்பின் வலிமையாலேயே நிலை குலையாமல் பறந்தது.

இறக்கைகளில் அசையும் தட்டுகள் இல்லாத எளிய மாதிரியில், தரையிலிருந்து வரும் ஆணை வால்பகுதியின் சுக்கானை மட்டும் வலப்புறம் திருப்பும்போது, மூக்கு வலப்புறம் திரும்ப, காற்று இடப்புறமிருந்து சாய்வாக வீச, உயர்த்தப்பட்ட இட இறக்கை கூடுதல் தூக்குவிசை பெற்று, விமானம் வலப்புறம் சாய்ந்து வளைகிறது. தட்டையான இறக்கையில் அதே ஆணை பெரும்பாலும் பக்கவாட்டுச் சறுக்கலாகவே வீணாகும். ஆகவே, விமானத்தைத் தானே நிமிரச் செய்யும் அதே அமைப்புத்தான், அதனை ஆணைக்குப் பணியவும் செய்கிறது.

மாதிரியைச் செய்தவன் காற்றைச் செய்தவனல்லன், அதன் போக்கை முன்னறிந்தவனுமல்லன் ஆதலால், இவ்வொப்புமை இறைவனின் முன்னறிவைப் பற்றி எதையும் நிறுவாது. ஆயினும், இறைவன் ஒவ்வொரு பொருளையும் அதனதன் இயல்புக்கு ஏற்பவே இயக்குகிறான் என 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் கொண்ட நிலை, முரண்பட்ட இரு கருத்துகளை ஒட்டவைத்த சமரசம் அன்று என்பதை இது விளக்குகிறது. இயல்பே இல்லாத பொருளில் தலையீடு பற்றிக்கொள்ள இடமேது?