கேட்டதைச் சிந்தித்தல்

ஞானத்துக்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்கு படிகளைச் சைவசித்தாந்தம் கூறும். ஆண்டுதோறும் கந்தபுராணப் படிப்பில் பயன் கேட்டுவந்த அடியேன் முதற்படியிலேயே நின்றுவிட்டேன். கந்தோரில் இலிகிதராயிருந்தபோது ஒரு கடிதத்தை இருமுறை வாசிக்காமல் கையொப்பத்துக்கு அனுப்பியதில்லை. புராணத்தை ஒருநாளும் அப்படிப் பார்க்கவில்லை.

சூரன்போர் முடிந்து திரும்புகையில் பேரன், "அப்பப்பா, முருகன் சூரனைக் கொல்லாமல் ஏன் மயிலும் சேவலுமாக்கினவர்?" என்றான். பதில் வரவில்லை. அன்றிரவு நித்திரையும் வரவில்லை. சூரன் ஆணவத்தின் வடிவம். ஆணவமலம் அழிவதில்லை, திருவருளால் அதன் சக்தியே அடங்கும் என்பது சித்தாந்தம். பகைவனே வாகனமும் கொடியுமான காரணம் அப்போதுதான் விளங்கிற்று. விடிந்ததும் பேரனுக்குச் சொன்னேன்.

"அப்ப, உங்கட கோபம் எப்ப மயிலாகும்?" என்றான்.

அதைத்தான் இன்னும் சிந்திக்கிறேன். அடியேனோடு பழகியோர் சிரிக்கக்கூடும்.