நீங்க டீச்சரா, அம்மாவா?

ஒரு ஜனவரி மாதம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே முழங்கால் அளவு பனி. விடியற்காலையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி! எட்டு வயதுப் பேரன் பள்ளிக்கூடம் போவதில்லை. அவனுக்கு வீடுதான் பள்ளிக்கூடம், அம்மாதான் டீச்சர். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. வெர்மான்டில் பெற்றோர் ஆண்டுதோறும் கல்வித் துறைக்கு எழுதி அறிவித்துவிட்டுக் கற்பிக்கலாம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "ஏம்மா, பிள்ளைய நாலு பிள்ளைங்களோட சேர்த்துப் படிக்க வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "ஒரு வாரம் கூட இருந்து பாருங்கம்மா, அப்புறம் சொல்லுங்க" என்றாள். பார்த்தேன். அந்த வாரம் என் இருதயத்தில் எழுப்பிய ஒரு கேள்வியையே இங்கே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நன்றாகத்தான் போனது. சமையலறை மேஜையில் காலையில் வாசிப்பு, கணக்கு. மத்தியானம் தமிழ் எழுத்து. செவ்வாயன்று பனிப்புயல். வாசற்கதவைத் திறக்க முடியவில்லை. புதன்கிழமையும் அப்படியே. ஒரே அறை, ஒரே மேஜை, எதிரெதிரே இரண்டு பேர்.

அன்றைக்குக் கணக்கு, 402-இல் 178 போனால் எவ்வளவு? பேரன் 376 என்று எழுதினான். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டான். நடுவில் பூஜ்யம் இருந்தால் எங்கே கடன் வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மகள் விளக்கினாள். மறுபடியும் 376. மூன்றாம் முறையும் 376! "எத்தனை தடவைடா சொல்றது? கவனம் எங்க இருக்கு?" என்று கத்தி, பென்சிலை மேஜையில் அடித்தாள்.

பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. யார் திட்டினாலும் அம்மா மடியில் போய் விழுகிறவன் அவன். எழுந்தான். இரண்டு அடி வைத்தான். நின்றுவிட்டான்.

"அம்மா, இப்ப நீங்க டீச்சரா, அம்மாவா?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் திட்டினால் பிள்ளை சாயங்காலம் வரை தாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்தால் அம்மா இருக்கிறாளே! ஆனால் சிட்சிக்கிற கையும் அணைக்கிற கையும் ஒன்றாகிவிட்டால், பிள்ளை எங்கே ஓடும்?

அப்படியானால் திருத்தவே கூடாதா? அதுவும் அல்ல. அன்பின் பேரில் 376-ஐச் சரி என்று சொன்னால் அது பிள்ளையை ஏமாற்றுவது. பின்னே என்னதான் வழி?

அன்று இரவு மகள் என்னிடம் மனந்திறந்தாள். "இவன் பின்தங்கிட்டான்னா எல்லாரும் என்னத்தானேம்மா கேப்பாங்க? அந்த பயத்துல கத்திட்டேன்." பார்த்தீர்களா! அவள் கோபப்பட்டது பிள்ளைக்குக் கணக்கு வராததற்காக அல்ல. தன் பேர் கெட்டுவிடுமோ என்பதற்காக. பிள்ளையின் நோட்டில் அவள் தன்னுடைய மார்க்கைத் தேடினாள்.

வியாழக்கிழமை காலை, என் கண்முன்னே மகனிடம் சொன்னாள்: "நேத்து கணக்குல தப்பு பண்ணினது நீ. கத்தினது நான். என் தப்புதான் பெருசு. மன்னிச்சிருப்பா." பிறகு நாலு ஒரு டாலர் நோட்டையும் இரண்டு ஒரு சென்ட் காசையும் மேஜையில் வைத்து, "இதுல 178 சென்ட் எனக்குக் குடு" என்றாள். அவன் யோசித்தான். ஒரு டாலரைப் பத்து சென்ட் காசுகள் பத்தாக மாற்றினான். அதில் ஒன்றை ஒரு சென்ட் காசுகள் பத்தாக மாற்றினான். எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதி 224 என்று தானே சொன்னான்!

முந்தின நாள் அவள் ஒரே விளக்கத்தை மூன்று முறை சொல்லியிருந்தாள். மாற வேண்டியது விளக்கம். உயர்ந்ததோ சத்தம்தான். தன் தப்பை ஒத்துக்கொண்ட பிறகே அது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை லேசான பனித்தூறல். இருவரும் வாசல் திண்ணையில் கறுப்புத் துணியை விரித்து, விழுகிற பனித்துகள்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். அதே மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் 1865-இல் பிறந்த வில்சன் பென்ட்லி, 14 வயது வரை வீட்டில் தாயிடமே படித்தவர். அவருக்கு நுண்ணோக்கியைக் கொடுத்ததும் தாய்தான். துகள்களை வரைந்து முடிப்பதற்குள் அவை உருகிவிடும். 1885 ஜனவரி 15-இல் முதன்முதலாக ஒரு துகளைப் படம் எடுத்தார். 1931-இல் மரிப்பதற்குள் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள்! மகள் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, பேரன் அவள் தோளில் சாய்ந்து கேட்டான். புதன்கிழமை எதிரே உட்கார்ந்திருந்தவள், இப்போது பக்கத்தில் நின்றாள்.

நம்மில் அநேகர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள்தான். ஆனாலும் ராத்திரி ஏழு மணிக்கு ஹோம் ஒர்க் நோட்டைத் திறந்தவுடன் நாமும் டீச்சர் ஆகிவிடுகிறோம் அல்லவா? அப்போது நம் சத்தம் உயர்வது யாருக்காக? பிள்ளைக்காகவா, நம் பேருக்காகவா? நோட்டை மூடுமுன் நம்மைக் கேட்டுக்கொள்வோம். தப்பு நம்முடையதானால் பிள்ளையிடம் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அந்த ஒரு வார்த்தைதான் பிள்ளைக்கு மறுபடியும் மடியைத் திறந்து கொடுக்கும்.