புறம்பே என்னும் சொல்

கர்த்தர் சிலுவையில் அறையுண்ட குன்று எருசலேம் மதிலுக்கு வெளியே இருந்தது என்னும் செய்தியைக் குழந்தைகளுக்குச் சொல்ல விரும்பி, பிற்காலத்தில் அலெக்சாண்டர் அம்மையார் என்று புகழ்பெற்ற ஐரிஷ் மாது ஒருவர், 1848-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது ஞானப்பாட்டில் ‘விதவுட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரயோகித்தார். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ‘வெளிப்புறத்தில்’ என்பதே அர்த்தம். ‘உள்ளே’ என்று பொருள்படும் ‘விதின்’ அதற்கு நேர் எதிர்ச்சொல். நாளடைவில் ‘இல்லாமல்’ என்ற அர்த்தம் மேலோங்கி மூல அர்த்தத்தை மூடிவிட்டபடியால், பாட்டில் வரும் பசும் குன்றுக்கு மதில் எதற்கு, அது இல்லையென்று ஏன் பாட வேண்டும் என்று குழந்தைகள் கேட்கலாயினர். பின்வந்த பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் அதை ‘அவுட்சைட்’ என்று திருத்தவும் நேர்ந்தது.

ஓர் இடத்தைக் குறித்த சொல் ஓர் இன்மையைக் குறிக்கும் சொல்லாக மாறியது மொழிநூலாருக்குச் சாதாரண விஷயமாயிருக்கலாம். எனக்கோ அது மனித சுபாவத்தைக் குறித்த சாட்சியாகத் தோன்றுகிறது. மதிலுக்குள் வாழ்கிறவன், வெளியே இருப்பது தன்னிடத்தில் இல்லாதது என்று முதலில் எண்ணுகிறான். பிறகு, வெளியே இருப்பவனிடத்தில்தான் ஏதோ இல்லை என்று தீர்மானித்துவிடுகிறான்.

நம்முடைய பாஷையும் இதற்கு விலக்கல்ல. சட்டத்துக்குப் புறம்பானது என்று நாம் சொல்லும்போது, சட்டத்துக்கு அப்பால் உள்ளது என்றல்ல, அதற்கு விரோதமானது என்றே கருதுகிறோம். ஏரியும், மேய்ச்சல் தரையும், களத்துமேடும், சுடுகாடுமாக ஊர் முழுமைக்கும் பொதுவாகக் கிடப்பதும், தீர்வைக் கணக்குக்குள் வராததுமான நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். கோடையில் ஆடுமாடுகளுக்குத் தண்ணீரும் புல்லும் தந்து, கடைசியில் நம்மையும் ஏற்றுக்கொள்ளும் அந்த மண்ணின் பெயரைத்தான், ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒருவனை ஏசுவதற்கு எடுத்துக்கொண்டோம். கணக்கில் இல்லாதது மதிப்பில்லாதது என்ற இந்த முடிவு எவ்வளவு அநியாயமானது!

இந்தப் பின்னணியில் வேதபுத்தகத்தைத் திறந்தால், 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘விதவுட்’ என்றும் தமிழில் ‘புறம்பே’ என்றும் வரும் அந்த ஒரே சொல் எங்கெங்கே நிற்கிறது என்பது கவனிக்கத்தக்கது. லேவியராகமத்தில், குஷ்டரோகி தனியே குடியிருக்க வேண்டிய இடம் பாளயத்துக்குப் புறம்பே. பாவநிவாரண பலியின் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோகப்பட்ட பின், அந்த மிருகத்தின் தோலும் மாம்சமும் சுட்டெரிக்கப்படுவதும் அங்கேதான். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 13-ஆம் அதிகாரமோ, அந்தப் பலியை நினைவூட்டி, இயேசு பாடுபட்ட இடத்துக்கும் அதே சொல்லை வழங்குகிறது. அசுத்தமென்று ஊர் தள்ளிய திசையிலேயே பரிசுத்தம் உண்டாயிற்று என்று சொல்லும் அந்த ஆசிரியர், மதிலை இடிக்காமலே அதன் அர்த்தத்தைக் கவிழ்த்துவிடுகிறார்.

இன்று எருசலேமுக்குப் போகிற யாத்திரிகர், கல்வாரி என்னும் அக்குன்றைத் தேடி நகரத்துக்கு வெளியே அல்ல, கடைவீதிகள் நெருங்கிய பழைய நகரத்தின் உள்ளேயே செல்ல வேண்டும். கல்லறைத் தேவாலயத்தின் வாசலுக்கு வலப்புறமுள்ள செங்குத்தான படிகளில் ஏறி, கிரேக்கர்களின் பலிபீடத்தடியில் மண்டியிட்டு, அங்குள்ள துவாரத்தில் கையை விட்டுக் குளிர்ந்த பாறையைத் தொடுகிறார்கள். பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னே அப்பாறை வெடித்த கோடு தெரிகிறது. மதிலுக்குள் இருப்பதால் இது அந்த இடமாயிராது என்று ஐயுற்றவர் பலர். ஆனால் வடக்கே நகரத்தை விரிவாக்கிய மதிலை முதலாம் அகிரிப்பா ராஜா கட்டத் தொடங்கியது கி.பி. 41-க்குப் பின்னரே; அதற்கு முன் இவ்விடம் கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட குழி. அருகே 1960-களில் அகழ்ந்த கேத்லீன் கென்யன் அம்மையாரின் ஆராய்ச்சியும் இதற்கு அனுகூலமாயிருக்கிறது. குன்று நகரவில்லை, நகரம்தான் வந்து அதைச் சூழ்ந்துகொண்டது.

அப்படிச் சூழ்ந்துகொள்வதையே நாம் தர்மமென்று கருதிப் பழகிவிட்டோம். வெளியே நிற்பவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டால் கடமை முடிந்ததென்று திருப்தியடைகிறோம். எபிரெயர் நிருபத்தின் அடுத்த வசனமோ, நிந்தையைச் சுமந்துகொண்டு நம்மையே பாளயத்துக்குப் புறம்பே இயேசுவினிடத்திற்குப் புறப்பட்டுப்போகச் சொல்லுகிறது. அவரை உள்ளே அழைத்து வருவதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.