பெயருக்கு ஏற்ற பணிவு

இயேசுவின் சீடர்கள் முதன்முதலில் அந்தியோக்கியா நகரில் ‘கிறிஸ்தவர்கள்’ என்று அழைக்கப்பட்டதாக விவிலியம் கூறுகிறது. பெயரைப் பிறர் சூட்டலாம். அதற்குரிய தகுதியை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அத்தகுதி யாது? இறுதி இராவுணவின்போது இயேசுபிரான் இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அக்காலத்தில் அது ஏவலரின் வேலை. அவரைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அன்று அங்கிருந்தான். தகுதி பார்த்துத் தாழ்வது மரியாதை. தகுதி பாராமல் தாழ்வதே பணிவு.

பெரிய வியாழனன்று கத்தோலிக்க ஆலயங்களில் இச்செயல் சடங்காக நிகழ்கிறது. 2016 முதல் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று விதி திருத்தப்பட்டது. ஹைதராபாத் பேராயர் அந்தோனி பூலா, 2022 ஆகஸ்டு 27 அன்று கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் சமூகத்திலிருந்து அந்நிலையை எய்திய முதல்வர் அவரே.

இது மகிழ்வுக்குரியது. ஆயினும் தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களையும் சாதிச்சுவர் பிரித்ததுண்டு. பாதம் கழுவிய கையே சுவர் எழுப்பினால் சடங்கு எஞ்சும், பெயர் எஞ்சாது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான கேள்வியன்று. நாம் எந்த மகானின் பெயரால் அறியப்படுகிறோமோ, அவர் இன்று வந்தால் நம் வீட்டு வாசலில் யாருடன் நிற்பார்? நாம் உள்ளே அழைக்கத் தயங்குபவருடன்தான். அவரை வரவேற்கும் நாளில் நம் பெயர் மெய்யாகும்.