கழித்துக்கொண்டே வந்தவர்கள்

சொல் தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது. ‘வயர்’ என்ற பிரிட்டிஷ் பங்க் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டான ‘பிங்க் ஃபிளாக்’ பெரும்பாலும் இந்த விதியில்தான் ஓடுகிறது. 1977இன் கடைசியில் வந்தது. 21 பாடல்கள், எல்லாம் சேர்த்து 35 நிமிடம் சொச்சம். ஆகச் சிறிய பாட்டு 28 விநாடி. பல்லவி இன்னொரு முறை வரும் என்று காது காத்திருக்கும் இடத்தில் ஒன்றும் இருக்காது, அடுத்த பாட்டு தொடங்கியிருக்கும். முதலில் எரிச்சல்தான் வரும். நாலைந்து முறை கேட்ட பிறகு, மற்றவர்களுடைய பாடல்கள் ஏன் இவ்வளவு நேரம் இழுக்கின்றன என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

*

வயரில் பாடிய காலின் நியூமன் வாட்ஃபோர்டு கலைக் கல்லூரி மாணவர். புரூஸ் கில்பர்ட் அதே கல்லூரியில் ஒலி, ஒளிக் கருவிகளைப் பார்த்துக்கொண்டவர்; 1976இல் அவருக்கு வயது 30. பங்க் மேடைக்கு அது கிழப்பருவம். கிரஹாம் லூயிஸ் பேஸ் கிட்டார், ராபர்ட் கோடோபெட் டிரம்ஸ். ஐந்தாவதாக ஜார்ஜ் கில் என்ற கிட்டார்காரர் இருந்தார். தனி ஆவர்த்தனத்தில் பிரியமுள்ளவர். கால் முறிந்து அவர் படுத்திருந்த நாட்களில் மற்ற நால்வரும் அவரில்லாமல் ஒத்திகை பார்த்தார்கள். பாட்டுகள் இளைத்துப்போயிருந்தன, நன்றாகவும் இருந்தன. கில்லுக்கு அதன் பிறகு இடமில்லை. அவருக்கு நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் வயர் என்று நாம் கேட்கிற ஒலி அந்த நாட்களில்தான் பிறந்தது.

*

1978இல் ‘சேர்ஸ் மிஸ்ஸிங்’, 1979இல் ‘154’. முந்தைய தட்டு பிடித்துப்போய் வந்தவர்களை அடுத்த தட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். 154 என்பது அதுவரை அவர்கள் நடத்திய கச்சேரிகளின் எண்ணிக்கை. பெயர் வைப்பதில்கூட உணர்ச்சியைக் கலக்காத ஆட்கள்.

1980 பிப்ரவரி 29, லண்டன் எலெக்ட்ரிக் பால்ரூம். பழைய பாட்டு கேட்க வந்த கூட்டம். மேடையில் கேட்டவை பெரும்பாலும் யாரும் அறியாத புதுப் பாடல்கள். செய்தித்தாள் தொப்பி போட்டவர்கள் தாளம் தட்டினார்கள், ஒருவர் சுத்தியலால் கேஸ் அடுப்பை அடித்தார். கூட்டம் கத்தித் தீர்த்தது. அந்தக் கத்தலும் பதிவாகி மறு ஆண்டு இசைத்தட்டாக வந்தது. அதற்குள் குழுவே நின்றுபோயிருந்தது.

*

ஐந்தாண்டு கழித்து, 1985இல் மீண்டும் கூடினார்கள். பழைய பாடல்களை வாசிப்பதில்லை என்று முடிவு. 1987இல் அமெரிக்கப் பயணம். ரசிகர்கள் ‘பிங்க் ஃபிளாக்’ கேட்பார்கள் என்பது தெரிந்ததுதான். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியை நினைத்து இன்றும் சிரிப்பேன். ‘எக்ஸ் லயன் டேமர்ஸ்’ என்று, வயரின் பாட்டொன்றிலிருந்தே பெயர் எடுத்துக்கொண்ட ஒரு ரசிகர் குழு இருந்தது. அவர்களையே முன்கச்சேரிக்கு அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் ‘பிங்க் ஃபிளாக்’ முழுவதையும் வரிசை மாறாமல் வாசித்து இறங்குவார்கள். பிறகு அசல் வயர் ஏறித் தன் புதிய பாடல்களை வாசிக்கும்.

இதைத் திமிர் என்றவர்கள் உண்டு. கொஞ்சம் திமிர்தான். ஆனால் இளமையில் கோபத்தில் செய்ததைப் பத்தாண்டு கழித்து அதே கோபத்தோடு நடித்துக் காட்டுவதைவிட, அதை உண்மையாகவே நேசிக்கிற இளைஞர்களிடம் கொடுத்துவிடுவது மரியாதையான காரியம். பாட்டுக்கும் மரியாதை, கேட்பவனுக்கும் மரியாதை. வாசித்தவன்தான் அதற்கு நிரந்தர உரிமையாளன் என்று யார் சொன்னது?

*

எண்பதுகளில் தாளத்தை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. டிரம்ஸ்காரருக்குச் செய்ய வேலை குறைந்தது. 1990இல் ராபர்ட் விலகி விவசாயம் பார்க்கப் போனார். மிஞ்சிய மூவரும் குழுவின் ஆங்கிலப் பெயரிலிருந்து கடைசி எழுத்தை வெட்டினார்கள். 1991இல் அந்த முடமான பெயரிலேயே ஒரு தட்டு வந்தது. ஆள் போனதை மறைக்காமல் பெயரிலேயே எழுதிவைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2004இல் கில்பர்ட் போனபோது எந்த எழுத்தும் குறையவில்லை. ஏனென்று யோசித்திருக்கிறேன். ஒரே விளையாட்டை இரண்டு முறை ஆடாதவர்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

*

இடையில், 2000 பிப்ரவரியில், ராபர்ட்டோடு நால்வராக லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் மேடை ஏறினார்கள். பழைய பாடல்களையும் வாசித்தார்கள். கொள்கை என்னவாயிற்று என்று கேட்கலாம்தான். தூக்கி எறிய வேண்டிய அளவுக்கு அந்தப் பாடல்கள் பக்கத்தில் இருந்த காலம் போய்விட்டது. தூரம் வந்த பிறகு கையில் எடுப்பதில் பயமில்லை.

நான் திரும்பத் திரும்பப் போடுவது 2013இல் வந்த ‘சேஞ்ச் பிகம்ஸ் அஸ்’. எலெக்ட்ரிக் பால்ரூம் நாட்களில் பாதியில் நின்ற பாடல்களைத் தோண்டியெடுத்து, அவற்றிலிருந்து கட்டிய தட்டு அது. புகழ் பெற்ற பாடல்களை அவர்கள் தொடவில்லை. ஊர் கத்தித் துரத்திய அரைகுறைகளைத்தான் முப்பது வருடம் கழித்து எடுத்தார்கள், அதுவும் கில்பர்ட் இல்லாமல், அவரிடத்தில் ஒரு தலைமுறை இளையவரான மாத்யூ சிம்ஸ் கிட்டார் பிடிக்க. சில இடங்களில் மெருகு அதிகம். அந்த இரவின் முரட்டுத்தனம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கலாம். பழைய பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், அன்று கத்தியவர்கள் எந்தப் பாட்டின் நடுவில் கத்தினார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.