பதிவு மாறும் பெயரும் வினை தொடரும் உயிரும்

ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமரும்போது முன்னது அழிந்துபோகிறதா, பின்னதனுள் தொடர்கிறதா என்னும் கேள்வியைப் பௌத்தரும் சைவ சித்தாந்திகளும் நெடுங்காலம் வாதித்தனர். அக்கேள்வியே இன்று, கடைத்தெருவில் டிரேட் மார்க் என்று வழங்கும் வணிகக் குறியின் சட்டத்திலும் எழுகிறது. பிட்டி தியாகராயரின் பெயரால் 1920-களில் உருவான தியாகராய நகரில் பட்டும் நகையும் பாத்திரமும் விற்கும் கடைகள் பலவற்றுக்குப் பெயரே பெரிய முதல் என்பதால், அப்பெயர் கடல் கடக்கும்போது எந்தப் பதிவேட்டில், எந்த நாள் முதல் உரிமை பெற்று நிற்கிறது என்பது எழுத்தர் வேலையோடு முடிந்துவிடுவதில்லை.

வணிகக் குறியின் உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளில் பாதுகாப்புக் கோர வழிசெய்யும் 1989-ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறையை ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்திவருகிறது. இந்தியாவில் அது 2013 ஜூலை 8 முதலும், மலேசியாவில் 2019 டிசம்பர் 27 முதலும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, அதற்கு முன்பே கோலாலம்பூரில் கிளை திறந்த ஒரு தியாகராய நகர்க் கடை இருப்பின், அது மலேசியாவில் நேரடியாகவே பதிவு பெற்றிருக்க வேண்டும். அக்கடை பின்னர் மாட்ரிட் வழியாகவும் மலேசியாவைப் பாதுகாப்பு வேண்டும் நாடாகக் குறிப்பிட்டால், குறியும் உரிமையாளரும் ஒன்றாகவும், பழைய பதிவிலுள்ள சரக்குகள் புதியதிலும் அடங்கியனவாகவும் இருக்கும் நிலையில், முந்திய பதிவால் ஈட்டிய உரிமைகளுக்குக் குறைவின்றிப் பன்னாட்டுப் பதிவு அதன் இடத்தைப் பெற்றதாகவே நெறிமுறை கொள்கிறது. இதுவே பதிலீடு எனப்படும்.

இப்பதிலீட்டில் பழைய பதிவு புதியதனுள் தொடர்கிறதா என்பதற்கு, தொடக்கத்தில் சொன்ன வாதம் துணைசெய்யும். இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல என்று பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கினார். தொடர்ச்சி உண்டு, தொடரும் ஒரு பொருள் இல்லை என்பது பௌத்தர் துணிபு. சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் இதை மறுத்தார். உடல் மாறினும் உயிர் நிலைத்திருந்து, செய்த வினையின் பயனைத் தானே நுகர வேண்டும் என்பது சித்தாந்தம். உரிமையாளர் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்று நிபந்தனை இட்டு, பழைய நாளின் முதன்மையைப் புதிய பதிவுக்கு அளிப்பதால், சட்டம் சித்தாந்தத்தின் பக்கமே நிற்கிறது எனக் கொள்வதே பொருத்தம்.

இங்கு சித்தாந்தத்தின் மற்றொரு நுட்பமும் எண்ணத்தக்கது. வினை சடப்பொருள், அதாவது அறிவற்றது. தன்னைச் செய்தவனைத் தானே தேடிச் சென்று சேரும் ஆற்றல் அதற்கில்லை என்பதால், கூட்டுவிக்கும் இறைவன் வேண்டும் என்பர் சித்தாந்திகள். சட்டமோ பதிலீடு தானாகவே நிகழ்கிறது என்கிறது. ஆயினும் உரிமையாளர் கோரினால் அந்நாட்டு அலுவலகம் அதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதிக்கிறது. குறிப்பு இல்லாவிடினும் உரிமை உண்டு. ஆனால் பதிவேட்டைப் புரட்டும் மூன்றாம் ஒருவர்க்கு அது தென்படுவதில்லை. உண்மையில் இருப்பது வேறு, பிறர் அறிய இருப்பது வேறு என்னும் இவ்விடைவெளியைச் சிறிதென எண்ணிவிடலாகாது. கண்டறியாத உரிமையை மதித்து ஒதுங்கும் வணிகர் எவரும் இலர்.

பதிலீடு நிகழ்ந்த உடனே பழைய பதிவு மறைந்துவிடுவதும் இல்லை. இரண்டும் அருகருகே நிற்கின்றன. புதியது வந்ததனாலேயே பழையதைப் பயனற்றதென எண்ணிப் புதுப்பிக்காது விடுவது பிழை. பன்னாட்டுப் பதிவு முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தாய்நாட்டு அடிப்படைப் பதிவையே சார்ந்திருப்பதால், இந்தியப் பதிவை எவரேனும் எதிர்த்து வீழ்த்தினால் மலேசியாவிலுள்ள பாதுகாப்பும் உடன் வீழும். பன்னாட்டுப் பதிவு நீக்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்து அதைத் தேசியப் பதிவாக மாற்றிக்கொள்ள நெறிமுறை இடம் தருகிறது என்றாலும், அப்போது கிடைப்பது பன்னாட்டுப் பதிவின் நாளே. பழைய பதிவைக் காலாவதியாக விட்டிருந்தால், அதனினும் முந்திய பழைய நாளைக் காட்டி உரிமை கோருவது கடினமாகும். எனவே பதிலீட்டைப் பதிவேட்டில் குறிக்கச் செய்துகொண்டு, அந்த ஐந்து ஆண்டும் கழியும்வரை பழைய பதிவையும் காத்து வருதலே, முன்னோர் கடை வைத்து ஈட்டிய பெயருக்குச் செய்யத்தக்கது.